டென்னிஸ் மைதானத்தில் ஒரு சமையலறை

கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோ நகரில் சிற்றுண்டிச்சாலை நடத்திவந்த மெக்டொனால்டு சகோதரர்கள், வியாபாரம் அமோகமாக நடந்துகொண்டிருந்தபோதே, 1948ஆம் ஆண்டில் கடையைச் சில மாதங்கள் மூடிவைத்து, வருமானத்தின் பெரும்பகுதி ஹாம்பர்கரிலிருந்தே வருவதைக் கணக்கில் கண்டு, 9 பதார்த்தங்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைத் தயவுதாட்சண்யமின்றி நீக்கினார்கள். பின்னர் 1950களின் தொடக்கத்தில் புதிய கட்டடத்தைத் திட்டமிட்டபோது, டென்னிஸ் மைதானமொன்றில் சமையலறையின் அளவுக்குச் சாக்குக்கட்டியால் கோடு கிழித்து, ஊழியர்களை வெறுங்கையால் சமைப்பதுபோல் அபிநயிக்கச் செய்து, யார் யாருடன் மோதுகிறார்கள், எவர் அநாவசியமாக நடக்கிறார் என்று கவனித்தே அடுப்புக்கும் மேசைக்கும் உரிய ஸ்தானங்களை நிர்ணயித்தார்கள். 1948ஆம் ஆண்டு மாற்றத்திலேயே பீங்கான் தட்டுகள் போய்க் காகிதம் வந்தது. கழுவும் வேலை ஒழிந்தது. கார்களுக்கே சென்று பரிமாறிய பெண்களும் வேலையிழந்தார்கள் என்பதை இதன் புகழ்பாடுவோர் லேசாகக் கடந்துவிடுகிறார்கள். ஆரம்பத்தில் பழைய வாடிக்கைக்காரர்கள் முகம் சுளித்தாலும், சில மாதங்களுக்குள் கூட்டம் திரும்பிவிட்டது.