பிளைட்டில் துண்டு போட்டு சீட் பிடிக்க முடியுமா? சீக்கிரம் செக்-இன் செய்தால் என்ன லாபம்?

முகூர்த்த நாள் மாலையில் மதுரை ஆரப்பாளையம் பேருந்து நிலையம் போனவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கம்தான். வாடிப்பட்டி, திண்டுக்கல் பக்கம் போகிற பஸ் உள்ளே திரும்பும்போதே ஜன்னல் வழியாக ஒரு துண்டு பறக்கும். பின்னாலேயே ஒரு பை, சில நேரம் ஒரு குழந்தை. துண்டு விழுந்த சீட் துண்டுக்காரருக்கு. எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லாத இந்த விதியை ஊரே மதிக்கிறது.

விமானத்தில் இப்படி ஒரு வழக்கம் இருந்திருக்குமா? இருந்தது. டிக்கெட்டில் சீட் நம்பரே கிடையாது, முதலில் ஏறியவர் விரும்பிய இடத்தில் உட்காரலாம். இதற்கு 'ஓப்பன் சீட்டிங்' என்று பெயர். அமெரிக்காவில் அரை நூற்றாண்டுக்கும் மேல் ஓடிய இந்த முறை, 2026 ஜனவரி 27-ஆம் தேதிதான் முடிவுக்கு வந்தது. இந்தியாவிலும் ஒரு காலத்தில் இருந்தது. அதற்கும் வாடிப்பட்டிக்கும் சினிமா வழியாக ஒரு தொடர்பு உண்டு.

சோழவந்தான் 'மாறா'வும் சீட் நம்பர் இல்லாத விமானமும்

2020 நவம்பரில் ஓடிடியில் வெளியான 'சூரரைப் போற்று' படத்தில் சூர்யா நடித்த நெடுமாறன் ராஜாங்கத்தின் ஊர் சோழவந்தான். வாடிப்பட்டி தாலுகாவில் இருக்கிற, வெற்றிலைக்குப் பெயர்போன அதே சோழவந்தான். அப்பா சாகக் கிடக்கிறார் என்று தெரிந்தும் விமான டிக்கெட்டுக்குப் பணம் போதாமல் விமான நிலையத்தில் கெஞ்சி நிற்கும் காட்சியைப் பார்த்து கண் கலங்காதவர்கள் குறைவு.

நிஜத்தில் அந்தக் கதைக்கு அடிப்படையானவர் கர்நாடகாவைச் சேர்ந்த முன்னாள் ராணுவ அதிகாரி கேப்டன் ஜி.ஆர்.கோபிநாத். 2003-ல் அவர் தொடங்கிய ஏர் டெக்கான், ஒரு ரூபாய் டிக்கெட் வரை விற்று நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தது. கட்டணத்தைக் குறைக்க எதையெல்லாம் வெட்டலாமோ அதையெல்லாம் வெட்டினார்கள். இலவசச் சாப்பாடு கிடையாது. சீட் நம்பரும் கிடையாது. முதல்முறை விமானம் ஏற வந்தவர்கள், பஸ்ஸில் இடம் பிடிக்கிற அதே வேகத்தில் படியேறினார்கள். பெரிய விமான நிறுவனங்களில் பறந்து பழகியவர்கள் முகம் சுளித்தார்கள் என்பதும் உண்மை.

ஏர் டெக்கான் பின்னர் கிங்பிஷர் கைக்குப் போய், 2008-ல் 'கிங்பிஷர் ரெட்' என்று பெயர் மாறி, பிறகு அதுவும் நின்றுபோனது. இன்று மதுரையிலிருந்து சென்னை, பெங்களூரு, ஹைதராபாத் என எங்கே பறந்தாலும் போர்டிங் பாஸில் சீட் நம்பர் இருக்கும்.

சீட் நம்பர் இல்லாவிட்டால் நிறுவனத்துக்கு என்ன லாபம்?

விமானம் தரையில் நிற்கிற ஒவ்வொரு நிமிடமும் செலவு. பறந்தால்தான் வருமானம். இதை முதலில் கடுமையாக உணர்ந்தது, அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 1971-ல் பறக்கத் தொடங்கிய சவுத்வெஸ்ட் ஏர்லைன்ஸ். அடுத்த வருடமே கையில் காசு இல்லை. இருந்த 4 விமானங்களில் ஒன்றை விற்றுவிட்டார்கள். ஆனால் 4 விமானங்களுக்குப் போட்ட கால அட்டவணையை விட மனமில்லை. மிச்சமிருந்த 3 விமானங்களை வைத்தே அதை ஓட்ட வேண்டுமானால், தரையிறங்கிய விமானம் 10 நிமிடத்தில் மறுபடி கிளம்ப வேண்டும். கிளப்பிக் காட்டினார்கள்.

அந்த வேகத்துக்கு ஓப்பன் சீட்டிங் கைகொடுத்தது. நல்ல சீட் வேண்டும் என்றால் பயணி தானாகவே ஓடி வருவார், யாரும் அவரை விரட்ட வேண்டியதில்லை. "சார், இது என் சீட்" என்ற பஞ்சாயத்தும் உள்ளே கிடையாது.

விமானத்தில் ஏறுவது ஏன் தாமதமாகிறது என்று ஜேசன் ஸ்டெஃபன் என்ற வானியற்பியல் ஆய்வாளர் கணக்குப் போட்டு 2008-ல் ஒரு கட்டுரையே வெளியிட்டார். சிக்கல் நடைபாதையில்தான் இருக்கிறது. ஒருவர் நின்று பெட்டியை மேலே தூக்கி வைக்கிற வரை பின்னால் இருக்கிற எல்லோரும் காத்திருக்க வேண்டும். நம்மூர் டவுன் பஸ்ஸில் படியிலேயே நிற்கிற ஆசாமியால் மொத்தக் கூட்டமும் தேங்குகிற அதே கதைதான்.

24 மணி நேரக் கணக்கு

சவுத்வெஸ்டில் தொடக்க காலத்தில் வந்து வரிசையில் நின்றவருக்கே இடம். பின்னர் வெறும் ஏ, பி, சி என்ற குழு எழுத்துதான் கொடுத்தார்கள். அதனால் கேட் வாசலில் தரையில் உட்கார்ந்து இடம் பிடிப்பார்கள். 2007-ல் இதை மாற்றி, எழுத்துடன் எண்ணும் கொடுத்தார்கள். ஏ1 முதல் ஏ60 வரை, பிறகு பி1 முதல் பி60 வரை, கடைசியாக சி. இந்த எண் எப்படிக் கிடைக்கும்? அதிகப் பணம் கட்டியவர்களுக்கும் அடிக்கடி பறப்பவர்களுக்கும் போக, மற்றவர்களுக்கு செக்-இன் செய்த வரிசையில்தான்.

செக்-இன், விமானம் கிளம்புவதற்குச் சரியாக 24 மணி நேரம் முன்பு திறக்கும். போனைக் கையில் வைத்துக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி காத்திருந்து தட்டுகிறவர்கள் இதில் தேறினார்கள். கொஞ்சம் அசந்தால் பி குழுவின் கடைசி. அப்புறம் இரண்டு பேருக்கு நடுவில் சிக்கிய நடு சீட்தான்.

ஊருக்குப் போகும்போது இது பெரிய சிரமமில்லை, வீட்டில் வைஃபை இருக்கும். திரும்பும்போதுதான் வம்பு. சுற்றுலா போன இடத்தில், மறுநாள் விமானத்துக்கு இன்று எத்தனை மணிக்கு செக்-இன் திறக்கும் என்பதை ஞாபகம் வைத்திருக்க வேண்டும். கணக்கும் விமானம் கிளம்புகிற ஊரின் நேரப்படி. டல்லாஸில் மகன் வீட்டுக்குப் போய், அங்கிருந்து லாஸ் வேகஸ் பார்க்கப் போகிற வாடிப்பட்டிப் பெற்றோர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு ஊருக்கும் 2 மணி நேர வித்தியாசம். டல்லாஸ் நேரத்திலேயே கடிகாரத்தை விட்டிருந்தால், திரும்பும் நாளில் 2 மணி நேரம் முன்னாலேயே போனைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

இந்தப் பதற்றத்தையும் நிறுவனம் காசாக்கியது. 2009-ல் 10 டாலர் கட்டினால், நீங்கள் தூங்கினாலும் உங்களுக்காக முன்கூட்டியே தானாகச் செக்-இன் ஆகிவிடும் என்ற வசதி வந்தது. அதாவது, துண்டு போடுவதற்கு ஆள் வைத்துக்கொள்வது. 6 வயது வரை குழந்தையோடு வருகிறவர்களை மட்டும் ஏ குழுவுக்குப் பின், பி குழுவுக்கு முன் ஏற விட்டார்கள்.

ஒருவர் முதலில் ஏறி, கைப்பையை வைத்து நான்கு சீட்டைப் பிடித்து வைப்பது சரியா, தவறா? கடைசி வரை நிறுவனம் இதற்குத் தெளிவான விதி எதையும் போடவில்லை. உலகம் முழுக்க துண்டுப் பிரச்சினை ஒன்றுதான் போலிருக்கிறது.

அப்புறம் ஏன் நிறுத்தினார்கள்?

2024 ஜூலையில் சவுத்வெஸ்ட் இந்த முறையைக் கைவிடப்போவதாக அறிவித்தபோது, தங்கள் பயணிகளில் 80 சதவீதம் பேர் சீட் நம்பரையே விரும்புகிறார்கள் என்று ஒரு கணக்கைச் சொன்னது. அது உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் அதே காலத்தில் எலியட் என்ற முதலீட்டு நிறுவனம் லாபத்தைக் கூட்டச் சொல்லி நெருக்கிக்கொண்டிருந்தது. கால் நீட்ட இடமுள்ள சீட்டைத் தனி விலைக்கு விற்க வேண்டுமென்றால், முதலில் சீட்டுக்கு நம்பர் வேண்டும். ஐரோப்பாவில் ஈஸிஜெட் 2012-லும் ரயன்ஏர் 2014-லும் இதே பாதையில் போய்விட்டன.

இந்தியாவில் இப்போது என்ன நிலைமை?

ஓப்பன் சீட்டிங் போனாலும், சீக்கிரம் செக்-இன் செய்கிற பதற்றம் போகவில்லை. வேறு உருவத்தில் வந்துவிட்டது. டிக்கெட் வாங்கும்போது சீட்டுக்குத் தனியாகப் பணம் கட்டாதவர், வெப் செக்-இன் வரை எந்த சீட் என்று தெரியாமலேயே இருக்கிறார். பணம் கேட்காத சீட்டுகள் கொஞ்சம். முதலில் வருகிறவர் அதை எடுத்துக்கொள்வார்.

2018 நவம்பரில் இண்டிகோ, வெப் செக்-இன் செய்யும்போது எல்லா சீட்டுக்கும் கட்டணம் என்று சொன்னதும் சமூக வலைதளங்களில் கொந்தளிப்பு எழுந்தது. இது விதிகளுக்கு உட்பட்டதா என்று பார்ப்பதாக விமானப் போக்குவரத்து அமைச்சகம் சொன்னது. கட்டணம் கட்ட விருப்பமில்லாதவர் விமான நிலைய கவுன்ட்டரில் கிடைக்கிற சீட்டை இலவசமாக வாங்கிக்கொள்ளலாம் என்ற விளக்கமும் வந்தது. பிறகு கொரோனா. 2020 மே 25-ல் உள்நாட்டு விமானங்கள் மீண்டும் பறந்தபோது வெப் செக்-இன் கட்டாயமானது. அந்த சாக்கில், கவுன்ட்டரில் போர்டிங் பாஸ் கேட்டால் தனிக் கட்டணம் என்ற பழக்கம் முளைத்தது. 2022 ஜூலை 21-ல் அமைச்சகம், அப்படி வசூலிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. ஆக, போனில் செய்யத் தெரியாத பெரியவர்கள் நேராக கவுன்ட்டருக்குப் போனாலும் ஒரு ரூபாய் கூடுதலாகக் கொடுக்க வேண்டியதில்லை.

உள்நாட்டு விமானங்களுக்குப் பெரும்பாலும் 48 மணி நேரம் முன்பு வெப் செக்-இன் திறந்து, 60 நிமிடம் முன்பு மூடும். திறந்ததும் செய்துவிடுவதே நல்லது. சீட் படத்தில் கலர் கலராக விலை தெரியும்போது பதறிப்போய் பணம் கட்டிவிடாதீர்கள். கட்டணமில்லாத சீட் எங்காவது இருக்கும், அல்லது 'ஸ்கிப்' என்று சின்னதாக ஒரு பட்டன் இருக்கும். அதைத் தட்டினால் கம்ப்யூட்டரே ஒரு சீட்டைக் கொடுக்கும்.

"புள்ள தனியா எப்படி உக்காரும்?"

வாடிப்பட்டியிலிருந்து கோடை விடுமுறைக்கு டெல்லி போகிற ஐந்து பேர் குடும்பத்துக்கு, சீட் என்பது சொகுசு விஷயம் அல்ல. பாட்டிக்கு இது முதல் விமானம், பேரனுக்கு 7 வயது. ஆளுக்கொரு வரிசையில் போட்டுவிட்டால் பயணம் முழுக்க நிம்மதி இருக்காது.

இதற்கு 2024 ஏப்ரலில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் (டிஜிசிஏ) ஒரு தீர்வு சொன்னது. 12 வயது வரையுள்ள குழந்தைக்கு, ஒரே பிஎன்ஆரில் வருகிற பெற்றோர் அல்லது பாதுகாவலரில் ஒருவரின் பக்கத்திலேயே சீட் தர வேண்டும். 'ஒரே பிஎன்ஆர்' என்பதுதான் இதில் முக்கியம். அப்பாவுக்கு அலுவலகம் போட்ட டிக்கெட், மற்றவர்களுக்கு மாமா போட்ட டிக்கெட் என்றால், கம்ப்யூட்டருக்கு நீங்கள் ஒரே குடும்பம் என்று தெரியாது. பாட்டிக்கு இந்த விதி கிடையாது. அவருக்காகத்தான் சீக்கிரம் செக்-இன் செய்ய வேண்டும்.

இன்னொரு தொல்லை, நம் பெயர். வெப் செக்-இன் பக்கம் பிஎன்ஆருடன் 'லாஸ்ட் நேம்' கேட்கும். இனிஷியல் மட்டும் உள்ள பாட்டிக்கு டிக்கெட் போட்டவர் அங்கே அப்பா பெயரை விரித்து எழுதியிருப்பார், அல்லது அதே பெயரை இரண்டு தடவை அடித்திருப்பார். டிக்கெட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே அடித்தால்தான் திறக்கும். ஊருக்குக் கிளம்பும் முன்பே டிக்கெட்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைப்பது நல்லது. குறிப்பாக காஷ்மீர் போகிறவர்கள். நம்மூர் பிரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாது. போஸ்ட்பெய்டு அல்லது ஹோட்டல் வைஃபை இருந்தால்தான் திரும்பும் விமானத்துக்கு செக்-இன் செய்ய முடியும்.

சீட்டே இல்லை என்று சொன்னால்?

சில விமானங்களில் இருக்கிற இடத்தைவிட அதிக டிக்கெட் விற்பது உண்டு. எல்லோரும் வந்துவிட்டால் யாரையாவது இறக்கிவிட வேண்டும். ஏற்கனவே போர்டிங் பாஸ் கையில் இருப்பவரைவிட, கடைசி நேரத்தில் சீட் நம்பரே இல்லாமல் கவுன்ட்டரில் நிற்பவர்தான் இதில் எளிதாக மாட்டுவார். முதலில், தானாக விட்டுக்கொடுக்க யாராவது தயாரா என்று நிறுவனம் கேட்க வேண்டும் என்பது டிஜிசிஏ விதி. விருப்பமில்லாதவரை நிறுத்தினால், ஒரு மணி நேரத்துக்குள் கிளம்பும் மாற்று விமானம் தந்தாலொழிய இழப்பீடு உண்டு. 24 மணி நேரத்துக்குள் மாற்று விமானம் என்றால், ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகையின் 200 சதவீதம், அதிகபட்சம் ரூ.10,000. அதற்கும் மேல் தாமதமானால் 400 சதவீதம், அதிகபட்சம் ரூ.20,000. இதைக் கேட்க வேண்டுமானால் கன்ஃபார்ம் டிக்கெட்டோடு நேரத்துக்கு வந்திருக்க வேண்டும்.

நேரம் என்று வரும்போது வாடிப்பட்டிக்காரர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. போனில் செக்-இன் முடிந்துவிட்டது என்று மெதுவாகக் கிளம்பக் கூடாது. பெரிய பெட்டி இருந்தால் அதை ஒப்படைக்கும் கவுன்ட்டர் உள்நாட்டு விமானங்களுக்குப் பொதுவாக 60 நிமிடம் முன்பே மூடிவிடும். விமான நிலையமோ மதுரைக்குத் தெற்கே, பெருங்குடி பக்கம். நான்குவழிச் சாலையில் கப்பலூர் வரை வந்து ரிங் ரோட்டில் திரும்பினால், நகர நெரிசலில் மாட்டாமல் போகலாம்.

மதுரை-சென்னை போகிறவர்களுக்கு இன்னொரு விஷயம். இந்த வழியில் ஏடிஆர் என்ற சின்ன விமானங்கள் ஓடுகின்றன. ஒரு வரிசையில் இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு சீட்தான். நடு சீட் என்ற பயமே வேண்டாம். பயணிகள் ஏறி இறங்கும் கதவும் இதில் பின்பக்கம் இருக்கிறது. சீக்கிரம் இறங்கலாம் என்று நினைத்து முன்வரிசைக்குப் பணம் கட்டியவர், கடைசியில்தான் இறங்குவார்.