கடிக்கும் முன் கிளி சொல்வது

சன் கன்யூர் வளர்க்கும் வீடுகளில் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். கணவர் சோபாவில் சாய்ந்து செல்போன் பார்த்துக்கொண்டிருப்பார். தோளில் மஞ்சளும் ஆரஞ்சுமாக அந்தக் கிளி, அவர் காதுமடலைக் கோதிக்கொண்டிருக்கும். மனைவி காபி டம்ளரோடு வந்து பக்கத்தில் உட்காருவார். அடுத்த நொடி, "ஆ" என்று ஓர் அலறல். கடிபட்டவர் மனைவி அல்ல, கணவர்.

"அவ்வளவு ஆசையா வளர்க்கிறேன், என்னையே கடிக்குது பாரு!"

"சக்களத்தியைக் கொண்டாந்து தோள்ல வெச்சிருக்கீங்கல்ல, அனுபவிங்க."

மனைவி கோபத்தில் சொன்னாலும், பறவையியல் படி அது ரொம்பத் தப்பில்லை. கிளி இனங்களில் பெரும்பாலானவை ஜோடி கட்டி வாழ்பவை. தன் ஜோடிக்குப் பக்கத்தில் இன்னொன்று வந்தால் விரட்டும். வீட்டுக்குள் வளரும் ஒற்றைக் கிளிக்கு ஜோடி ஏது? சோறு ஊட்டி, தலை கோதி, தோளில் சுமக்கிற மனிதரையே அது ஜோடியாக வரித்துக்கொள்கிறது. போட்டிக்கு வந்தவரை அது கொத்த நினைக்கிறது. ஆனால் அவர் எட்டாத தூரத்தில் இருக்கிறார். மூக்குக்கு அருகே இருப்பது கணவரின் காதுதான். அந்த ஆத்திரம் அங்கே இறங்குகிறது. "எழுந்து வா, அந்த ஆள் பக்கத்தில் உட்காராதே" என்று ஜோடியை நகர்த்தும் கடி அது என்றும் பறவை வளர்ப்பவர்கள் சொல்வதுண்டு. மனிதர்களின் பொறாமையும் இதுவும் ஒன்றா என்ற ஆராய்ச்சி நமக்கு வேண்டாம். வீட்டில் அதை எல்லோரும் பொறாமை என்றுதான் சொல்கிறார்கள். நாமும் அப்படியே சொல்லுவோம்.

நாயை வைத்துக் கிளியைக் கணக்குப் போடுவதில்தான் பாதிப் பிரச்சினை. நாய் பல ஆயிரம் ஆண்டுகளாக மனிதரோடு வாழ்ந்து பழகிய இனம். கிளி அப்படியல்ல. கூண்டில் பொரித்ததாகவே இருந்தாலும் சில தலைமுறைக்கு முந்தைய அதன் பாட்டன் காட்டில் பறந்தவன். சன் கன்யூரின் சொந்த ஊர் தென் அமெரிக்காவின் வடகிழக்கு. கயானா, வட பிரேசில் பக்கம். அங்கே அது இன்று அருகிவரும் பறவை. கடையில், "கையில ஊட்டி வளர்த்த குஞ்சு சார், கடிக்கவே கடிக்காது" என்று சொல்லித் தருவார்கள். குஞ்சாக இருக்கும்வரை அது உண்மைதான். இரண்டு வயதையொட்டிப் பருவத்துக்கு வரும்போது அதே குஞ்சு வேறு பறவையாகிவிடும். காக்டெயில் கிளி ஒரு வயதுக்குள்ளாகவே பருவத்துக்கு வந்துவிடும். ஆப்பிரிக்கன் கிரே கிளி நிதானமாக நான்கு, ஐந்து வயதுக்கு மேல்.

(பச்சைக்கிளி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கடிக்கிறதோ இல்லையோ, நம் நாட்டுக் கிளிகளைக் கூண்டில் அடைப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சன் கன்யூர், ஆப்பிரிக்கன் கிரே போன்ற வெளிநாட்டுக் கிளிகளுக்கும் அரசின் 'பரிவேஷ்' தளத்தில் பதிவு தேவை.)

பருவம் வருவது இயற்கை. அதை வருஷம் முழுக்க நீட்டிவிடுவது நாம். கிளியின் முதுகிலும் இறக்கைக்கு அடியிலும் தடவிக் கொடுப்பது நமக்குக் கொஞ்சல். அதற்கு அது இணை சேர அழைப்பு. தலை, கழுத்து, அதோடு நிறுத்த வேண்டும். வாயோடு வாய் வைத்து ஊட்டுவதும் அதே கதைதான், ஜோடிக் கிளிகள் அப்படித்தான் ஊட்டிக்கொள்ளும். அட்டைப்பெட்டி, அலமாரிக்கு அடியில் உள்ள இருட்டுச் சந்து எல்லாம் அதன் கண்ணுக்குக் கூடு கட்டுமிடம். இதற்கு மேல் ராத்திரி பதினொரு மணிவரை சீரியல் வெளிச்சம். பகல் நீண்டால் இனப்பெருக்கக் காலம் என்று உடம்பு எடுத்துக்கொள்ளும். 10 முதல் 12 மணி நேர இருட்டும் அமைதியும் கிடைத்தால் பல கிளிகளின் முரட்டுத்தனம் அதிலேயே பாதி தணிந்துவிடும். டி.வி. இருக்கும் ஹாலை விட்டுக் கூண்டை வேறு அறைக்கு மாற்றுங்கள். செலவில்லாத வைத்தியம் இது.

"திடீர்னு கடிச்சிடுச்சு" என்பார்கள். திடீர் என்று எதுவுமில்லை. ஆப்பிரிக்கன் கிரேயின் கண்ணைக் கவனித்தால் தெரியும். வெளிர் மஞ்சள் வளையத்துக்கு நடுவில் கருமணி சட்சட்டென்று சுருங்கி விரியும். பிடரி இறகு எழும்பும், வால் விசிறியாகும், உடம்பின் பாரம் முன்பக்கம் வருவதுபோலக் குனியும், சில சமயம் தொண்டைக்குள் ஓர் உறுமல். காக்டெயில் என்றால் கொண்டையைத் தலையோடு ஒட்டிப் படுக்க வைத்துச் சீறும். இவ்வளவையும் பார்த்துக்கொண்டே நாம் கையை நீட்டுகிறோம். பேசிப் பலனில்லை, கடித்தால்தான் கை போகிறது என்று அது தெரிந்துகொள்கிறது. அடுத்த முறை கண்ணும் இறகும் காட்டி நேரத்தை வீணாக்காது, நேரடியாகக் கடி. எச்சரிக்கை இல்லாமல் கடிக்கும் கிளிகள் பெரும்பாலும் எச்சரித்து எச்சரித்து ஓய்ந்தவை.

கடியே இல்லாததைக் கடி என்று நினைப்பதும் உண்டு. கிளிக்கு அலகு மூன்றாவது கால். கிளைக்குக் கிளை தாவுமுன் அலகால் பிடித்துப் பார்க்கும், தாங்குமா என்று. நம் விரலில் ஏறும்போதும் அதையேதான் செய்கிறது. நாம் பயந்து கையை இழுத்துவிடுவோம். ஆடுகிற கிளை என்று முடிவு கட்டி, அடுத்த முறை இறுக்கிப் பிடிக்கும். விரலை அசைக்காமல் வைத்திருந்தால் அது வெறும் தொடுதலோடு முடிந்திருக்கும்.

கடிபட்டதும் நாம் போடும் கூச்சல்தான் அடுத்த கடிக்கு விதை. கிளிக்கு அமளி பிடிக்கும். 2020இல் இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் வனவிலங்குப் பூங்காவில் ஐந்து ஆப்பிரிக்கன் கிரேக்கள் பார்வையாளர்களைக் கெட்ட வார்த்தையால் திட்ட ஆரம்பித்தன. கேட்டவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிக்கச் சிரிக்க வசவு கூடியது. ஊழியர்கள் கடைசியில் அவற்றைத் தனித்தனியே பிரித்து வைக்க வேண்டியதாயிற்று. கடியும் அப்படித்தான். "சீ, கழுதை!" என்று கத்துவது, மூக்கில் சுண்டுவது, முகத்தில் ஊதுவது, உட்கார்ந்திருக்கும் கையை உலுக்குவது எல்லாம் ஒன்று அதற்கு வேடிக்கை, இல்லாவிட்டால் பயம். பயந்த கிளி இன்னும் கடிக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு, முகம் மாறாமல், அருகில் இருக்கும் ஸ்டாண்டில் இறக்கிவிட்டு ஒரு நிமிடம் வேறு பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள். சொல்வது சுலபம், காதில் ரத்தம் வரும்போது கஷ்டம் என்பது தெரியும்.

அதனால்தான் தோளில் ஏற்றுவதையே கொஞ்ச காலம் நிறுத்தச் சொல்கிறேன். இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்தால்? ஓர் ஐஸ் குச்சி போதும். காலையில் தீனி வைக்கும் முன், லேசான பசியில் இருக்கும்போது, கூண்டுக் கம்பிக்கு வெளியே குச்சி நுனியைக் காட்டுங்கள். முதலில் தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் அளக்கும். பிறகு மெல்ல வந்து அலகால் தொடும். தொட்ட அதே நொடி "சபாஷ்", கூடவே ஒரே ஒரு சூரியகாந்தி விதை. தினசரிக் கிண்ணத்திலிருந்து அந்த விதையை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மதிப்பிருக்காது. ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுங்கள். அடுத்தடுத்த நாட்களில் குச்சியை ஓரடி தள்ளிக் காட்ட, அது நடந்து வந்து தொடும். பழகிவிட்டால் தோளிலிருந்து ஸ்டாண்டுக்கு, ஸ்டாண்டிலிருந்து கூண்டுக்கு, கை படாமலே அழைத்துப் போகலாம். பிடித்து இழுப்பது இல்லாதபோது கடிக்கக் காரணமும் குறைகிறது.

இனி அந்தச் சக்களத்திச் சண்டைக்கு வருவோம். பெரும்பாலான வீடுகளில் நடப்பது என்ன? மனைவி அறைக்குள் வந்ததும், "கடிச்சிடும், கூண்டுல போடுங்க." கிளியின் கணக்கில் அவர் வந்தால் தோள் போகிறது, கொஞ்சல் போகிறது, கதவு சாத்தப்படுகிறது. எந்தக் கிளிக்குத்தான் அவரைப் பிடிக்கும்? இந்தக் கணக்கைத் திருப்பிப் போட வேண்டும். சூரியகாந்தி விதையின் சாவி இனி மனைவியிடம். அவர் உள்ளே வந்தால் மட்டும் விதை வரும், வெளியே போனால் நின்றுவிடும். கணவர் அந்த நேரத்தில் சும்மா பேப்பர் படிக்கலாம். கொஞ்சினால் காரியம் கெட்டுவிடும்.

தூரம் முக்கியம். கிளி அவரைப் பார்த்தும் பிடரியைச் சிலிர்க்காத இடம் எது என்று கண்டுபிடியுங்கள், அது வாசற்படியாகவே இருந்தாலும் சரி. அங்கிருந்தே அவர் விதையைக் கிண்ணத்தில் போட்டுவிட்டுப் போகட்டும், கையில் கொடுக்க வேண்டாம். கண்மணி படபடக்காத நாட்களில் ஓரடி நெருங்கலாம். படபடத்தால் பின்வாங்க வேண்டும், அதில் தோல்வி ஒன்றுமில்லை. வாரக்கணக்கில் ஆகும், சில கிளிகளுக்கு மாதக்கணக்கில். குளிப்பாட்டல், கொய்யாத் துண்டு, பச்சை மிளகாய் (கிளிக்குக் காரம் உறைக்காது) எல்லாவற்றையும் வீட்டில் ஆளுக்கொன்றாகப் பங்கிட்டுக்கொண்டால் ஒருவரையே பிடித்துத் தொங்குவது குறையும். கைக்குழந்தை இருக்கும் வீட்டிலும் இதே முறைதான், ஆனால் குழந்தை இருக்கும் அறையில் கிளியைத் திறந்துவிட்டுத் திரும்பக்கூட வேண்டாம்.

இறக்கையை வெட்டிவிட்டால் அடங்கிவிடும் என்று யோசனை சொல்வார்கள். பறந்து விலக முடியாத பறவைக்குக் கடிப்பதைத் தவிர வேறு வழி என்ன இருக்கிறது? சாதுவாக இருந்த கிளி சட்டென்று கடிக்க ஆரம்பித்தால் பயிற்சிக்கு முன் பறவைகளைப் பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். நோயைக் கடைசிவரை மறைப்பது பறவைகளின் குணம். இறகு உதிரும் பருவத்தில் புதிதாக முளைக்கும் முள்ளிறகு தொட்டாலே வலிக்கும். அப்போது தலை கோதப் போனாலும் கடிதான்.

"பேசாம இன்னொரு கிளி வாங்கி ஜோடி சேர்த்துட்டா?" இதுதான் எல்லோரும் கடைசியாகக் கேட்பது. அதற்கு முன் ஒரு கதை கேளுங்கள். ஆராய்ச்சியாளர் ஐரீன் பெப்பர்பெர்க் 1977இல் வாங்கி வளர்த்த ஆப்பிரிக்கன் கிரேயான அலெக்ஸ் 2007இல் சாகும்வரை உலகப் புகழோடு இருந்தது. ஆய்வகத்தில் அடுத்து வந்த இளைய கிளிகளுக்குப் பாடம் நடந்தால் இடையில் புகுந்து தானே பதில் சொல்லும், ஒழுங்காகச் சொல் என்று அதட்டும். அவ்வளவு படித்த கிளியே புதுவரவிடம் அப்படி நடந்துகொண்டது. புதிய கிளியோடு பழையது ஒட்டாவிட்டால் உங்கள் வீட்டில் போட்டியாளர் ஒருவர் கூடுவார். ஒட்டிக்கொண்டாலோ, இரண்டும் சேர்ந்து கூண்டுக்குள் நீட்டும் உங்கள் கையைக் கடிக்கும். அதற்கு மனம் ஒப்பினால், வந்தது ஆரோக்கியமானது என்று தெரியும்வரை தனி அறையில் வைத்திருந்துவிட்டு, இரண்டு கூண்டுகளையும் தள்ளித் தள்ளி வைத்து மெதுவாக அறிமுகப்படுத்துங்கள். தனிமையில் இருக்கும் கிளிக்கு அது நல்ல காரியம்தான், ஆனால் உங்கள் காதைக் காப்பாற்றும் யோசனை அல்ல.