ஆடவரும் மார்புப் புற்றுநோயும்

நோயின் பெயரே சில வேளைகளில் நோயாளரை ஏமாற்றிவிடுகின்றது. மார்புப் புற்றுநோய் என்ற சொல்லைக் கேட்டதும், அது பெண்களுக்கே உரிய பிணி என்று நாம் எண்ணிக்கொள்கின்றோம். அவ்வெண்ணம் பெரும்பாலும் உண்மையே. ஆயினும் முழுவதும் உண்மையன்று. மார்புப் புற்றுநோய் கண்டோர் நூற்றுவரில் ஏறக்குறைய ஒருவர் ஆடவர். தொகை சிறிது என்பதால் இதனைப் புறக்கணித்தல் தகாது. அந்த ஒருவர் தமக்கு வந்திருப்பது இன்னதென்று அறியாமலும், ஐயுற்ற பின்னும் நாணத்தால் எவரிடமும் கூறாமலும் மாதக்கணக்காக வாளாவிருந்துவிடுகின்றார் என்பதே பெரிதும் இரங்கத்தக்கது. இம்மலரைக் கையிலேந்தும் பழைய மாணவருட் பலர் ஐம்பதையும் அறுபதையும் கடந்தவர்கள். ஆதலின், இப்பொருளை ஈண்டு வெளிப்படையாகப் பேசுதல் நம் கடமையெனக் கருதுகின்றோம்.

ஆணுக்கு மார்பில் இந்நோய் எவ்வாறு தோன்றும் என்று சிலர் வினவலாம். தாயின் கருவில் வளரும்போது ஆண் பெண் என்ற வேறுபாடின்றி எல்லார்க்கும் முலைக்காம்பும், அதன் பின்னே சிறு கான்களும் அமைகின்றன. பருவமெய்தும் காலத்தில் ஈசுத்திரசன் என்னும் ஓமோன் மிகுதியாகச் சுரப்பதாற் பெண்களிடத்தில் அவை கிளைத்துப் பாற்சுரப்பிகளாக வளர்கின்றன. ஆண்களிடத்தில் அவ்வளர்ச்சி நிகழ்வதில்லை. காம்பின் பின்னால் ஒரு சிறிதளவு இழையம் மட்டும் வாழ்நாள் முழுவதும் எஞ்சியிருக்கின்றது. அக்கான்களின் உட்புறத்தை மூடியுள்ள கலங்கள் கட்டுப்பாடிழந்து பெருகுவதே புற்றுநோய். ஆண் உடலிலும் ஈசுத்திரசன் சிறிதளவு உண்டு. ஆடவர்க்கு வரும் மார்புப் புற்றுநோய்களிற் பத்துக்கு ஒன்பது அளவில் அவ்வோமோனை ஏற்கும் இயல்புடையன. இவ்வியல்பே சிகிச்சைக்கும் வழிகாட்டுகின்றது என்பதைப் பின்னர்க் காண்போம்.

இது புதிதாகத் தோன்றிய நோயுமன்று. கி.மு. 1600 அளவில் எழுதப்பெற்றதும், இன்று எட்வின் சிமித் என்பாரின் பெயரால் வழங்குவதுமான எகிப்திய மருத்துவச் சுவடியில், மார்பிற் புடைத்தெழும் கட்டியொன்று கூறப்படுகின்றது. அதனை உடையவன் ஓர் ஆடவனாகவே அங்குக் குறிக்கப்பெறுகின்றான். அதற்குச் சிகிச்சை இல்லையென்றும் அச்சுவடி கைவிரிக்கின்றது. இன்றோ நிலைமை வேறு. "ஷாவ்ட்" என்னும் 1971 ஆம் ஆண்டுத் திரைப்படத்தாற் புகழெய்திய அமெரிக்க நடிகர் றிச்சட் றவுண்ட்றீக்கு 1993 இல் இந்நோய் கண்டறியப்பட்டது. சத்திரசிகிச்சை பெற்ற அவர், பின்னும் முப்பது ஆண்டுகள் வாழ்ந்து 2023 இலேயே வேறொரு புற்றுநோயாற் காலமானார். ஐக்கிய அமெரிக்காவின் செனற் சபைக்கு 1966 இல் மக்கள் வாக்கினாற் தெரிவான முதற் கறுப்பினத்தவராகிய எட்வேட் புறூக் அவர்களுக்கு 2002 இல், 82 ஆம் வயதில் இந்நோய் காணப்பட்டது. அடுத்த ஆண்டு அவர் அதனை ஊரறியச் சொன்னார். ஏனைய ஆடவர் விழிப்படைய வேண்டும் என்பதே அவர் நோக்கம். அவர் 95 வயது வரை வாழ்ந்து 2015 இல் மறைந்தார்.

யாவர் இதன்பாற் கூடிய கவனஞ் செலுத்த வேண்டும்? முதலாவது, முதியோர். பெண்களுக்கு வருவதினும் சில ஆண்டுகள் பிந்தி, அறுபதுக்கும் எழுபதுக்கும் இடைப்பட்ட பருவத்திலேயே ஆடவர்க்கு இந்நோய் பெரிதும் காணப்படுகின்றது. இளையோர்க்கு மிக அரிது. இரண்டாவது, உடலில் ஈசுத்திரசன் மிகுந்தோர். மதுவினாலோ பிற காரணத்தினாலோ ஈரல் சிதைந்து இறுகியவர்கள், மிகைப்பருமன் உடையவர்கள், இயல்புக்கு மேலாக ஓர் எக்சு நிறமூர்த்தத்துடன் பிறந்தவர்கள், விதைகளிற் குறைபாடுடையவர்கள் ஆகியோர் இவ்வகையினர். மூன்றாவது, முன்னர் வேறொரு நோய்க்காக மார்பிற் கதிர்ச்சிகிச்சை பெற்றோர். நான்காவது, குடும்பத்தில் இந்நோய் கண்டோர்.

இந்நான்காவது வகை தனியே விளக்கத்தக்கது. பீ.ஆர்.சீ.ஏ. ஒன்று, இரண்டு எனப்படும் பரம்பரையலகுகள் 1994, 1995 ஆம் ஆண்டுகளில் இனங்காணப்பட்டன. நம் கலங்களில் நேரும் பழுதுகளைச் சீர்செய்வது அவற்றின் தொழில். அவை பிறப்பிலேயே குறைபட்டிருப்பின் புற்றுநோய் எளிதில் இடம்பிடிக்கும். இரண்டாவது அலகிற் குறையுடைய ஆடவர் நூற்றுவரில் ஏறக்குறைய எழுவருக்கு வாழ்நாளில் மார்புப் புற்றுநோய் வருகின்றது. முன்னிற்குஞ் சுரப்பியிலும் சதையியிலும் புற்றுநோய் தோன்றும் வாய்ப்பும் அவர்கட்கு மிகுதி. இக்குறை தாய்வழியாக மட்டும் வருவதன்று, தந்தையிடமிருந்தும் வரும். ஒவ்வொரு பிள்ளைக்கும், மகனாயினும் மகளாயினும், அது செல்லும் வாய்ப்புச் சரிபாதி. பெறுபவள் மகளாயின் அவளுக்கு நேரும் அபாயம் தந்தையினதைப் பன்மடங்கு விஞ்சும். பாடகி பியோன்சேயின் தந்தையாகிய மத்தியூ நோல்ஸ் 2019 இல் தம் உட்சட்டையிற் குருதிப் பொட்டுக்களைக் கண்டு மருத்துவரை நாடினார். சோதனையில் மார்புப் புற்றுநோயும் இரண்டாவது அலகின் குறையும் தெரியவந்தன. அதனால் தம் பிள்ளைகளையும் எச்சரிக்க அவரால் இயன்றது. தந்தை தம் மார்பிற் கண்ட கட்டியை மறைப்பாராயின், தம் மக்கள் அறிந்திருக்க வேண்டிய செய்தியையும் உடன்மறைத்தவராவார்.

இனி, மார்பிற் காணும் கட்டியெல்லாம் புற்றுநோயன்று என்பதையும் வற்புறுத்திச் சொல்லவேண்டும். இம்மலரை வாசிக்கும் மாணவர்கள் இதனை நன்கு கவனித்தல் நன்று. பருவமெய்தும் காலத்திற் சிறுவர் பலருக்கு முலைக்காம்பின் கீழே வட்டமான, இறப்பர்போல் நெகிழ்வான வீக்கம் தோன்றும். தொட்டால் நோவும் இருக்கும். ஓமோன்களின் ஏற்றத்தாழ்வே இதற்குக் காரணம். பெரும்பாலும் ஓரிரண்டு ஆண்டுகளிற் தானே மறைந்துவிடும். முதியவர்க்கும் இத்தகைய வீக்கம் வருவதுண்டு. இருதய நோய்க்கும் ஈரல் நோய்க்கும் வழங்கப்படும் சில மருந்துகளும், உடலைப் பருக்கச் செய்வதற்கெனச் சிலர் இரகசியமாக உட்கொள்ளும் ஓமோன்களும் இதனை உண்டாக்கும். கொழுப்புக் கட்டியும் மார்பில் வரலாம். இவை புற்றுநோயல்ல. ஆயினும் இன்னது இதுவென்று பிரித்தறிதல் வைத்தியரின் வேலை. நாமே தீர்மானித்துக்கொள்ளும் காரியமன்று.

ஐயத்துக்குரிய அடையாளங்கள் எவை? ஒரு பக்கத்தில் மட்டும், பெரும்பாலும் காம்பின் அருகே, கல்போல் இறுகிய கட்டி, அதில் நோவு இல்லாமை, காம்பு உள்ளிழுக்கப்பட்டிருத்தல், காம்பிலிருந்து குருதியோ நீரோ கசிதல், மேற்றோல் குழிதல், சிவத்தல், ஆறாப் புண்ணாதல், அக்குளிற் கட்டி தென்படல். இவற்றுள் நோவின்மையே பலரை ஏமாற்றுகின்றது. "நோகவில்லையே, பிறகு பார்ப்போம்" என்று காலந்தாழ்த்துவோர் பலர். நோவற்ற கட்டியே கூடுதலான கவனத்துக்குரியது.

காலந்தாழ்த்துவதன் விளைவு யாது? ஆண் மார்பில் இழையம் சிறிதாதலால், கட்டி சற்று வளர்ந்தாலும் மேற்றோலையும் கீழுள்ள தசையையும் எட்டிவிடும். அக்குளின் நிணநீர்க் கணுக்களுக்கும் பரவும். ஐக்கிய அமெரிக்காவின் கணக்குப்படி, நோய் மார்பளவில் நிற்கும்போதே கண்டறியப்பட்ட ஆடவருள் ஐந்தாண்டுகளின் பின்னும் உயிர்வாழ்வோர் நூற்றுக்கு 95 அளவினர். தூரத்து உறுப்புக்களுக்குப் பரவிய பின் கண்டறியப்பட்டோரில் அத்தொகை நூற்றுக்கு 20 அளவாகக் குறைந்துவிடுகின்றது. இவ்விரு தொகைகளுக்கும் இடையிலே கிடப்பது, பெரும்பாலும், பேசாதிருந்த காலமே.

வைத்தியரிடஞ் செல்வோர்க்கு நிகழ்வது அஞ்சத்தக்கதன்று. அவர் கையாற் தடவிப் பார்த்தபின், தேவையெனக் கண்டால் மார்பின் ஊடுகதிர்ப் படமும் ஒலியலைப் படமும் எடுப்பிப்பார். ஐயம் நீங்காவிடின் ஊசியாற் சிறிது இழையத்தை எடுத்து நுணுக்குக்காட்டியிற் சோதிப்பர். முடிவு கூறுவது அச்சோதனையே. நோய் உறுதியாயின், பெரும்பாலும் அப்பக்கத்து மார்பிழையம் முழுவதும் சத்திரசிகிச்சையால் அகற்றப்படும். தேவைக்கேற்பக் கதிர்ச்சிகிச்சையும் மருந்துச் சிகிச்சையும் தொடரும். ஈசுத்திரசனை ஏற்கும் புற்றாயின், தமொக்சிபென் என்னும் குளிகையைக் குறைந்தது ஐந்தாண்டுகள் உட்கொள்ளப் பணிப்பர். நோயாளர் தொகை சிறிதாதலால் மருந்தாராய்ச்சிகள் நெடுங்காலமாக ஆடவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அக்குறை இப்போது மெல்ல நீங்கிவருகின்றது. பெண்களுக்கென முன்னரே அங்கீகரிக்கப்பட்ட பல்போசிக்கிளிப் என்னும் மருந்தை ஆடவர்க்கும் வழங்க அமெரிக்க அரசு 2019 இல் அனுமதி அளித்தமை இதற்கு ஓர் எடுத்துக்காட்டு.

நம் நாட்டில் இவற்றுக்கான வசதிகள் இல்லாமலில்லை. அருகிலுள்ள அரசாங்க வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவே முதற்படி. அங்கிருந்து சத்திரசிகிச்சை நிபுணரிடமும், வேண்டின் மகரகமையிலோ தெல்லிப்பழையிலோ உள்ள புற்றுநோய்ச் சிகிச்சை நிலையத்துக்கும் அனுப்புவர். அரசாங்க வைத்தியசாலைகளில் இதற்குக் கட்டணமில்லை. குறைவாயிருப்பது நம்மவரின் துணிவு ஒன்றே. பெண்கள் பலர் காத்திருக்கும் மண்டபத்தில் ஓர் ஆடவர் தனித்திருக்க நாணுகின்றார். பெண்களின் நோய் தமக்கு வந்ததென்றால் ஆண்மைக்கு இழுக்கென்று அஞ்சுகின்றார். நோய்க்கு ஆண்பாலும் பெண்பாலும் இல்லை. மேலாடையின்றிக் கோயில் வீதியை வலம்வரவும், கிணற்றடியில் நீராடவும் நாணாத நாம், அதே மார்பை வைத்தியருக்குக் காட்ட நாணுவதில் என்ன நியாயம் உண்டு?

எல்லா ஆடவரும் ஆண்டுதோறும் ஊடுகதிர்ப் படம் எடுக்கவேண்டும் என்று நாம் சொல்லவில்லை. நோய் அரிதாதலின் அது வேண்டுவதன்று. நடுவயதைக் கடந்தோர் மாதம் ஒருமுறை குளிக்கும்போது, சவர்க்காரம் பூசிய விரல்களால் இரு மார்பையும் அக்குளையும் தடவிப் பார்ப்பது போதும். குடும்பத்தில் இந்நோய் உள்ளோர் அதனை வைத்தியரிடம் முன்கூட்டியே தெரிவித்தல் வேண்டும். புதிதாக ஏதேனும் தென்படின் நாட்களை எண்ணிக்கொண்டிராது, அவ்வாரத்திலேயே காட்டுதல் வேண்டும். பழைய நண்பர்கள் கூடும்போது நீரிழிவையும் குருதியமுக்கத்தையும் தயக்கமின்றிப் பேசிக்கொள்கின்றோம். அப்பேச்சிடையே இதனையும் ஒரு சொல் சேர்த்துக்கொள்வோமாக. அச்சொல் நம்முடன் ஒரே வாங்கில் அமர்ந்து கற்ற ஒருவரது உயிரைக் காக்கவுங்கூடும்.