எழுபத்திரண்டில் ஒன்று

மதுரைக்கு எதற்காகப் போகிறீர்கள் என்று கேட்டால், பத்துப் பேரில் ஒன்பது பேர் மீனாக்ஷியம்மன் தரிசனத்துக்கு என்பார்கள். மீதமுள்ள ஒருவர் கலியாணத்துக்கு ஜவுளி எடுக்க என்பார். இரண்டும் நியாயமான காரணங்களே. ஆனால் மேற்கு மலையடிவாரத்தில் இருக்கும் சிவகிரியிலிருந்து புறப்படுகிறவர்களுக்கு மூன்றாவது காரணம் ஒன்றும் உண்டு. அது மதுரை மேல வெளி வீதியில், பெரியார் பஸ் நிலையத்தின் சமீபத்தில், கல்லாலான ஒரு கொத்தளமாக நின்றுகொண்டிருக்கிறது. தினந்தோறும் எத்தனையோ ஆயிரம் ஜனங்கள் அதைக் கடந்து போகிறார்கள். பஸ்ஸின் பெயர்ப் பலகையைப் பார்க்கிற அவசரத்தில் அதைப் பார்க்கிறவர்கள் வெகு சிலர்.

1529-ஆம் வருஷத்தில் மதுரையில் நாயக்கர் ஆட்சியைத் தொடங்கிய விசுவநாத நாயக்கரும் அவருடைய தளவாய் அரியநாத முதலியாரும் பாண்டியர் காலத்துப் பழைய கோட்டையை இடித்துவிட்டு, அதைவிட விசாலமான புதுக்கோட்டை ஒன்றைக் கட்டினார்கள். அதற்குக் கொத்தளங்கள் எழுபத்திரண்டு. நாட்டைப் பாளையங்களாகப் பிரித்துப் பாளையக்காரர்களிடம் ஒப்புவித்தபோது, ஆளுக்கொரு கொத்தளத்தைக் காக்கும் பொறுப்பையும் அவர்களுக்கே கொடுத்தார்கள் என்பது வழிவழியாக வரும் வரலாறு. பாளையங்களின் பட்டியல்கள் பலவிதமாக வழங்குகின்றன. அவற்றில் சிவகிரியும் ஒன்றாக வரும். ஆகவே மதுரைக் கோட்டையில் ஒரு கொத்தளம் எங்கள் ஊருடையது! எந்தக் கொத்தளம் என்று கேட்டுவிடாதீர்கள். எழுபத்திரண்டில் எழுபத்தொன்று மண்ணோடு மண்ணாகிவிட்டன. எஞ்சி நிற்கும் அந்த ஒன்றையே எல்லாப் பாளையத்தாரும் தங்களுடையது என்று பாவித்துக்கொள்ள வேண்டியதுதான். நானும் அப்படியே பாவித்துக்கொண்டு அங்கிருந்து நடக்க ஆரம்பிப்பது வழக்கம்.

கோட்டை போன கதை சுவாரஸ்யமானது. பாளையக்காரர்களின் கடைசிப் போர் 1801-இல் முடிந்ததும், கும்பெனி அரசாங்கம் பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதைத் தடுத்தது, கோட்டைகளைத் தரைமட்டமாக்கியது. 1803-இல் பாளையங்கள் ஜமீன்களாயின. ஊர்க் கோட்டைகள் போன பிறகு தலைநகரக் கோட்டைக்கு முறை வந்தது. 1834 முதல் 1847 வரையில் மதுரை கலெக்டராக இருந்த பிளாக்பர்ன் துரை 1837-இல் இடிப்பு வேலையைத் துவக்கினார். இதற்கு அவர் கண்ட உபாயம் வெகு சாமர்த்தியமானது. சர்க்கார் கஜானாவைத் திறக்கவில்லை. சுவரை இடித்து அகழியைத் தூர்த்துச் சமன் செய்கிறவர்களுக்கு அந்த இடத்திலேயே மனை என்று ஏற்பாடு செய்தார். மனை ஆசைக்கு முன்னால் எந்த மதில்தான் நிற்கும்? அகழி இருந்த இடத்தில் தெருக்கள் உண்டாயின. அளவு எடுத்த மாரட் என்பவரின் பெயரால் மாரட் வீதி. வேலையாட்களை நடத்திய மேஸ்திரியின் பெயரால் பெருமாள் மேஸ்திரி வீதி. கட்டிய கொத்தர்களில் ஒருவர் பெயராவது எந்தத் தெருவுக்கும் இல்லை. இடித்தவர்களின் பெயர்கள் இன்றும் கடிதாசு விலாசங்களில் வாழ்கின்றன.

நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். பீரங்கிக் காலத்துக்குப் பின் அந்த மதிலால் காவல் ஒன்றும் இல்லை. அகழி வெறும் சாக்கடையாய் நின்று காய்ச்சலை வளர்த்தது. ஊரோ உள்ளுக்குள்ளேயே மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. காற்று வேண்டும் என்று துரை நினைத்ததில் குற்றம் இல்லை. ஆனால் நாலு திக்கிலும் நாலு கொத்தளங்களையாவது விட்டு வைத்திருக்கலாமே என்று தோன்றாமலும் இல்லை.

வெளி வீதியிலிருந்து உள்ளே செல்லச் செல்ல, வெங்காயத்தின் தோலை ஒவ்வொன்றாக உரிப்பதுபோல, மாசி வீதி, ஆவணி மூல வீதி, சித்திரை வீதி என்று சதுரத்துக்குள் சதுரமாக வீதிகள் வருகின்றன. கடைசியாகக் கோயில் மதிலுக்குள் ஆடி வீதி. அந்தந்த மாதத்து உற்சவத்துக்கு ஸ்வாமி புறப்பாடாகும் வீதி அந்த மாதத்தின் பெயரைப் பெற்றது. சித்திரைத் தேர் மட்டும் ஏன் மாசி வீதியில் ஓடுகிறது என்று குழந்தைகள் கேட்பதுண்டு. நல்ல கேள்வி. மீனாக்ஷி கலியாணமும் தேரும் முன்னே மாசி மாதத்தில்தான் நடந்தன என்றும், திருமலை நாயக்கர் அவற்றை அழகர் உற்சவத்தோடு சேர்த்துச் சித்திரைக்கு மாற்றினார் என்றும் சொல்லுகிறார்கள். மாதம் மாறியது, தேர் தன் பழைய வழியை விடவில்லை. சைவருக்கும் வைஷ்ணவருக்கும் ஒரே திருவிழாவாக்கிய அந்த அரசருடைய யுக்திக்கு வீதியின் பெயரே சாக்ஷி.

மேல மாசி வீதியில் ஒரு மாடி வீடு இருக்கிறது. பார்வைக்கு விசேஷமாக ஒன்றும் இல்லை. 1921 செப்டம்பர் 22-ஆம் தேதி காலையில் மகாத்மா காந்தி தம்முடைய நீண்ட உடையைக் களைந்து முழங்காலுக்கு மேற்பட்ட ஒற்றைத் துண்டை உடுத்தது இந்த வீட்டு மாடியில்தான். சென்னையிலிருந்து மதுரைக்கு வரும் ரயிலில், அந்நியத் துணி உடுத்தியிருந்த சக பிரயாணிகளிடம் அவர் கதரைப் பற்றிப் பேசியபோது, கதர் வாங்கத் தங்களுக்கு வசதி இல்லை என்று அவர்கள் சொன்னார்கள். அந்தப் பதில் அவரை வெகுவாக வருத்தியது. மதுரையில் அன்றைய தினம் அவர் பேசிய திடல் காந்தி பொட்டல் என்றே பெயர் பெற்றது. அரசர்களின் மாளிகைகளைப் பார்க்க வந்தவர்கள் இந்த வீட்டுப் படியையும் ஏறிப் பார்க்க வேண்டும். பிறகு சர்ச்சில் துரைக்குக் கண்ணை உறுத்திய அந்த அரைத் துணி, லண்டன் வட்டமேஜைக்கும் பக்கிங்ஹாம் அரண்மனைக்கும் போய் வந்தது. புறப்பட்ட இடம் இது.

சித்திரை வீதிக்கு வந்தால் கோபுரங்கள் தலைக்கு மேல் வந்துவிடுகின்றன. அவற்றை வர்ணிக்க என்னைவிடத் தகுதியுள்ளவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். எனக்கு அந்த வாசல்களில் நிற்கும்போது ஞாபகம் வருவது 1939 ஜூலை 8. அன்று ஸ்ரீ அ. வைத்தியநாதய்யர், கக்கன் முதலிய தாழ்த்தப்பட்ட வகுப்பு அன்பர்களையும், விருதுநகர் சண்முக நாடாரையும் அழைத்துக்கொண்டு இந்தக் கோயிலுக்குள் பிரவேசித்தார். நிர்வாக அதிகாரியாக இருந்த ஆர். எஸ். நாயுடு அவர்களை வரவேற்றார். நாடார் குலத்தாருக்கும் அதுவரை இந்த வாசல் அடைத்தே இருந்தது என்பதை இக்காலத்துப் பிள்ளைகள் நம்புவதில்லை. பாடத்தில் சொன்னாலும் கதை என்றே நினைக்கிறார்கள். பட்டர்களில் சிலர் பூஜை செய்ய மறுத்தார்கள். வைதிகர்கள் வேறு இடத்தில் தனியே ஒரு மீனாக்ஷியை வைத்து வழிபட்டார்கள். ராஜாஜியின் மந்திரிசபை உடனே சட்டம் செய்து, வாசலைத் திறந்தவர்களுக்குப் பாதுகாப்பளித்தது. எல்லோருக்கும் இடம் இல்லாத கோயிலுக்குள் போவதில்லை என்றிருந்த காந்தியடிகள், 1946 பிப்ரவரியில் இங்கே வந்து தரிசித்தார். மதுரையில் இடிந்த மதில்களில் இந்த ஒன்று இடிந்ததைப் பற்றி மட்டும் யாருக்கும் வருத்தம் வேண்டியதில்லை.

கீழ வாசலுக்கு எதிரே புது மண்டபம். திருமலை நாயக்கர் காலத்தில், ஏறக்குறைய நானூறு வருஷங்களுக்கு முன்னால் வசந்தோற்சவத்துக்காகக் கட்டியது. நீளம் 333 அடி. பெயர் மட்டும் இன்னும் புதிது! நடுவில் இருபுறமும் தூண்களில் நாயக்க மன்னர்கள் பத்துப் பேர் ஆளுயரத்துக்குக் கைகூப்பி நிற்கிறார்கள். ராணி ஒருத்தியின் சிலையைச் செதுக்கும்போது தொடையில் ஒரு சில்லு பெயர்ந்துவிட்டதாம். சிற்பி பதற, மந்திரி நீலகண்ட தீக்ஷிதர், அங்கே ராணிக்கு மச்சம் உண்டு, அப்படியே விட்டுவிடு என்றாராம். அது இவருக்கு எப்படித் தெரியும் என்று அரசன் சினந்தான். சேவகர் வருமுன்பே தீக்ஷிதர் கற்பூர தீபத்தால் தம் கண்களைச் சுட்டுக்கொண்டு, பிறகு அம்மன் மேல் ஆனந்தஸாகரஸ்தவம் பாடிப் பார்வை பெற்றார் என்பது கதை. கதை நிஜமோ இல்லையோ, ஸ்தோத்திரம் நிஜம்.

வெகு காலம் இந்த மண்டபம் கடைத்தெருவாகவே இருந்தது. தூணுக்குத் தூண் தையற்காரர்கள், பாத்திரக் கடைகள், புஸ்தகக் கடைகள். யாளியின் வாயருகில் தையல் மெஷின் ஓடும். நாயக்கரின் தோளில் பாவாடை தொங்கும். பாட்டி வைத்திய நூலும் பஞ்சாங்கமும் வாங்கியவர்கள் அந்தக் காட்சியை மறக்கமாட்டார்கள். ஆனால் 2018 பிப்ரவரி 2-ஆம் தேதி இரவு, கோயிலின் கிழக்குப் பக்கத்து வீரவசந்தராயர் மண்டபத்தில் கடைகளில் பற்றிய தீ, கல் மண்டபத்தையே பாழாக்கிவிட்டது. கல் எரியாது, கொதிக்கும், பிறகு வெடிக்கும். தூண்கள் பிளந்து கூரை விழுந்தது. அதற்குப் பின்புதான் கண் திறந்தது. புது மண்டபத்துக் கடைக்காரர்களும் பக்கத்துக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றப்பட்டார்கள். தலைமுறை தலைமுறையாக அங்கே பிழைத்தவர்களுக்கு அது சிரமந்தான். சிற்பத்துக்கு ஆபத்து இல்லாமல் அவர்கள் பிழைக்க வழி செய்வது சர்க்காரின் கடமை. கடையை நீக்கியதோடு அந்தக் கடமை தீர்ந்துவிடாது.

அதற்குக் கிழக்கே ராயகோபுரம். கட்டி முடியாத கோபுரம், அடிப்பாகம் மட்டும். ஒரே கல்லாலான அதன் நிலைக்கால்களை அண்ணாந்து பார்த்தால், முடிந்திருந்தால் தெற்குக் கோபுரமும் இதன் முன் சிறுத்திருக்குமே என்று மனம் கணக்குப் போடுகிறது. பக்கத்தில் எழுகடல் தெரு. மீனாக்ஷியின் தாயார் காஞ்சனமாலை நீராட, ஏழு கடல்களையும் சிவபெருமான் ஒரு குளத்தில் வரவழைத்தார் என்பது புராணம். குளம் தூர்ந்து அங்கே கடைகள் வந்துவிட்டன. கடல் தெருவின் பெயரில் மட்டும் இருக்கிறது. சிறிது தள்ளி விட்டவாசல். பாண்டியர் கோட்டையை இடித்த விசுவநாத நாயக்கர் இந்த ஒரு வாசலை மட்டும் இடிக்காமல் விட்டதனால் அந்தப் பெயர். பிளாக்பர்ன் துரைக்கு முன்பே மதுரையில் மதில் இடித்தவர்கள் உண்டு என்பது இதனால் தெரிகிறது. ஆயினும் அவர் ஒரு வாசலை விட்டார்!

துரைக்கும் ஒரு ஞாபகச் சின்னம் இருக்கிறது. கீழ மாசி வீதிப் பக்கம் விளக்குத்தூண் என்று ரிக்ஷாக்காரரிடம் சொன்னால் போதும். அது அவருக்காக எழுப்பிய தூண் என்பது அவருக்கே தெரிந்திருக்காது. அங்கிருந்து ஜவுளிக் கடைகளின் நடுவே புகுந்தால் பத்துத்தூண் சந்து. திருமலை நாயக்கர் அரண்மனையைச் சேர்ந்த பத்துப் பெரிய கருங்கல் தூண்கள், தாங்குவதற்குக் கூரையில்லாமல், புடவைக் கடைகளுக்கு இடையே நிற்கின்றன. முன்பு அரண்மனை எவ்வளவு தூரம் பரந்திருந்தது என்பதை எந்தப் புஸ்தகத்தையும்விட இந்தச் சந்தே நன்றாகச் சொல்லும்.

1636-இல் எழுந்த அந்த மகாலில் இன்று இருப்பது ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிராப்பள்ளிக்கு மாற்றியபோது, பாட்டனார் கட்டியதில் ஒரு பெரும் பகுதியைப் பிரித்துக்கொண்டு போனார். அந்நியன் இடித்தான் என்று ஆத்திரப்படுகிறவர்கள் இதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். மிச்சத்தைக் காப்பாற்றியவர் 1866 முதல் 1872 வரை சென்னைக் கவர்னராக இருந்த நேப்பியர் பிரபு. சிஷோல்ம் என்னும் சிற்ப நிபுணரைக் கொண்டு பழுது பார்க்கச் செய்தார். பிறகு 1970 வரையில் இங்கே ஜில்லாக் கோர்ட்டு நடந்தது. சொர்க்கவிலாசத்தில் அரசர் கொலுவிருந்த இடத்தருகே சாட்சிகள் சத்தியப் பிரமாணம் செய்தார்கள். இத்தாலியச் சிற்பி ஒருவர் வந்து கட்டியது என்று ஒரு பேச்சு உலவுகிறது. சொல்லுகிறவர்கள் சாசனம் ஒன்றையும் காட்டுவதில்லை. செங்கல்லை அடுக்கி, மேலே சுண்ணாம்புச் சாந்தைக் கண்ணாடிபோல் இழைத்த வேலை அது. அந்த இழைப்பு நம்மவர் கைக்கு நன்றாகத் தெரியும்.

தூண்களை இரண்டு பேர் சேர்ந்து தழுவினாலும் கைக்குள் அடங்கா. மாணவர்களை அழைத்துச் சென்றபோது ஒவ்வொரு தூணையும் அருகில் போய்ப் பார்க்கச் சொன்னேன். கை எட்டும் உயரம்வரையில் ஆணியால் கீறிய பெயர்கள். அதற்கு மேலே நானூறு வருஷத்துச் சுண்ணாம்பு பழுப்பேறியும் வழவழப்புக் குறையாமல் இருந்தது. ஒரு பையன் கீறல்களிலுள்ள ஊர்ப் பெயர்களை எண்ணத் தொடங்கினான். மணி ஐந்தாகிவிட, காவற்காரர் வந்து கதவடைக்க வேண்டும் என்றார். பதினேழு ஊர்வரையில் எண்ணியிருந்தான்.