முதுகில் பை போட்டுச் சைக்கிள் ஓடினால் ஏன் இவ்வளவு வியர்க்கிறது?

இலங்கையின் ஆனையிறவில் ஏ-9 வீதி கடல்நீரேரியை ஊடறுத்துப் போகிறது. ஒதுங்க நிழல் அரிது. சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று வீசினால் சைக்கிளைப் பக்கவாட்டில் தள்ளும். இங்கே முதுகுப்பை ஏன் தொல்லையாகிறது?

வியர்வை ஆவியாகும்போதுதான் உடல் குளிர்கிறது. ஒரு கிராம் வியர்வை ஆவியாகையில் ஏறக்குறைய 2.4 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்லும். பை முதுகோடு ஒட்டிக்கிடந்தால் காற்றுப் புகாது; வியர்வை ஆவியாகாமல் வழிந்து வீணாகும். உயரத்தில் இருக்கும் பாரம் சைக்கிளின் ஆட்டத்தையும் கூட்டும்.

பையை எப்படித் தெரிவுசெய்வது? முதுகுப் பக்கம் வலைத்துணியும் காற்றோட இடைவெளியும் உள்ள ஒடுக்கமான பை நல்லது. நெஞ்சுப் பட்டியையும் இடுப்புப் பட்டியையும் பூட்டுங்கள். கனமான பொருள்களை முதுகை ஒட்டிக் கீழே அடுக்குங்கள். பாரம் கூடினால் கரியரில் கட்டுங்கள். பள்ளிப் பிள்ளைகளின் முதுகுக்கு அதுவே பெரிய ஆறுதல்.