கரையும் கட்டி கற்றுத்தந்த பாடம்

பத்தாம் வகுப்புத் தேர்வு ஒன்றில், "இரும்பு அரிமானம் அடைவதைத் தடுக்கும் வழி ஒன்றைக் கூறுக" என்று கேட்டிருந்தேன். வண்ணம் பூசுதல், எண்ணெய் தடவுதல் என்றே பலரும் எழுதினர். ஒரு மாணவன் மட்டும், "சீக்கிரம் கரையுற வேற உலோகத்தை அதோட சேர்த்து மாட்டணும்" என்று எழுதியிருந்தான். நான் சுழியம் போட்டேன்.

விடைத்தாளை வாங்கியவன் மெதுவாகச் சொன்னான்: "டீச்சர், எங்க அப்பா படகு எஞ்சின்ல ஒரு கட்டி இருக்கும். அதுதான் கரையும். எஞ்சினுக்கு ஒண்ணும் ஆகாது."

காட்டூரைச் சுற்றியுள்ள எங்கள் பகுதிப் பிள்ளைகள் பலருக்குப் பழவேற்காடு ஏரிதான் வாழ்வாதாரம். கடல்நீரும் ஆற்றுநீரும் கலக்கும் அந்த உவர்நீரில் இரும்பு என்ன பாடுபடும் என்பதை அவர்கள் தினமும் பார்க்கிறார்கள். நான் புத்தகத்தில் மட்டும் பார்த்திருந்தேன். அவன் எழுதியது கேத்தோடு பாதுகாப்பு என்பது அன்று மாலைதான் எனக்கு உறைத்தது.

மறுநாள் அவன் தேய்ந்துபோன பழைய துத்தநாகக் கட்டி ஒன்றைக் கொண்டுவந்தான். மேலிருந்த வெண்படிவைச் சுரண்டிவிட்டு, நான்கு கண்ணாடிக் குவளைகளில் சோதனையைத் தொடங்கினோம். ஆணிகளை முதலில் உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்துக்கொள்ள வேண்டும். முலாம் பூசிய ஆணி என்றால் முடிவு தவறாகிவிடும்.

1. குடிநீரில் வெறும் ஆணி
2. ஏரிநீரில் வெறும் ஆணி
3. ஏரிநீரில் செம்புக் கம்பி இறுகச் சுற்றிய ஆணி
4. ஏரிநீரில் துத்தநாகக் கட்டியோடு இறுகக் கட்டிய ஆணி

சில நாட்களில் இரண்டாம் ஆணி முதலாவதைவிட அதிகம் துருப்பிடித்தது. மூன்றாவதில் துரு இன்னும் மிகுதி. நான்காவது ஆணி பளிச்சென்று இருந்தது. கட்டியின் மேல்தான் வெண்படிவு.

காரணம் எலக்ட்ரானில் இருக்கிறது. அரிமானம் என்பது உலோகம் எலக்ட்ரானை இழந்து அயனியாவது. திட்ட மின்முனை அழுத்தம் துத்தநாகத்துக்கு −0.76 வோல்ட், இரும்புக்கு −0.44, செம்புக்கு +0.34. மதிப்பு குறையக் குறைய எலக்ட்ரானை இழப்பது எளிது. இரண்டு உலோகங்கள் தொட்டுக்கொண்டு உப்புநீரில் இருந்தால் எளிதில் இழப்பது கரைகிறது, மற்றது தப்பிக்கிறது. செம்போடு சேர்ந்தால் கரைவது இரும்பு. துத்தநாகத்தோடு சேர்ந்தால் இரும்பு பிழைக்கிறது. 1824-இல் ஹம்ப்ரி டேவி கப்பல்களின் செம்புத் தகடுகளைக் காக்கப் பரிந்துரைத்ததும் இதே வழிதான்.

இங்கே ஒரு மாணவி மடக்கினாள்: "எஞ்சின் உடம்பு அலுமினியம்தானே? வரிசையில அலுமினியம் துத்தநாகத்துக்கு மேல இருக்கே?" நியாயமான கேள்வி. அலுமினியத்தின் மேல் உருவாகும் மெல்லிய ஆக்சைடு படலம் அதை மூடிக்காக்கிறது. அதனால் உப்புநீரில் அலுமினியம் வரிசையில் உள்ள இடத்தைவிட வினைத்திறன் குறைந்ததுபோல் நடந்துகொள்கிறது. துத்தநாகம் முந்திக் கரைகிறது. வினைத்திறன் வரிசையைப் படிக்கும்போது உலோகத்தின் மேற்பரப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று அன்று சொல்லிக்கொடுத்தேன்.

அடுத்த கேள்வி இன்னும் நல்லது: "சோடியம் தண்ணியில பட்டா தீப்பிடிக்கும்னீங்க. ஏரித் தண்ணி முழுக்க சோடியம்தானே?"

டேவி 1807-இல் தனியே பிரித்தெடுத்த சோடியம் உலோகத்தின் எலக்ட்ரான் அமைப்பு 2, 8, 1. கடைசி எலக்ட்ரானை இழக்கத் துடிப்பதால்தான் அவ்வளவு வேகம். குளோரினின் அமைப்பு 2, 8, 7. அதற்கு ஒன்று தேவை. கொடுக்கல் வாங்கல் முடிந்ததும் இரண்டும் நிறைவான கூடுடைய அயனிகளாகி, எதிரெதிர் மின்சுமையால் பிணைகின்றன. அதுவே அயனிப் பிணைப்பு. உப்பு நீரில் கரையும்போது பிரிவது இந்த அயனிகளே. சோடியம் உலோகம் அல்ல. கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்ட சோடியம் அயனி அமைதியாக இருக்கிறது. ஆனால் அயனிகள் நீரில் மின்னோட்டத்தைக் கடத்துவதால் இரும்பின் அரிமானம் விரைவாகிறது. ஏரிநீரில் ஆணி வேகமாகத் துருப்பிடித்ததற்கு இதுவே விளக்கம்.

இந்தச் சோதனைக்குத் துத்தநாகக் கட்டி கிடைக்காவிட்டால் ஆய்வகத் துத்தநாகத் தகடு போதும். பழைய மின்கலத்தை உடைத்து எடுக்க மாணவர்களை அனுமதிக்க வேண்டாம். கடற்கரை இல்லாத ஊர்களில் ஒரு லிட்டர் நீரில் 35 கிராம் உப்பைக் கரைத்தால் ஏறக்குறைய கடல்நீரின் உப்புத்தன்மை வந்துவிடும்.

அந்த விடைத்தாளைத் திரும்ப வாங்கி, வகுப்பின் முன் சுழியத்தை அடித்து முழு மதிப்பெண் போட்டேன். இப்போதெல்லாம் எதிர்பாராத விடை ஒன்றைக் கண்டால், சிவப்பு மை தொடும் முன், "இதை எங்கே பார்த்தாய்?" என்று கேட்டுவிடுகிறேன்.