நாய் வளர்க்கிறீங்களா? லைசென்ஸ் இல்லேன்னா ரூ.5 ஆயிரம் அபராதம்!

சென்னை:
நாய்க்கு எதுக்கு லைசென்ஸ் என்று கேட்டவர்கள் பலர். 2024 மே மாதம் ஆயிரம்விளக்கு பகுதி மாநகராட்சி பூங்காவில் 2 ராட்வீலர் நாய்கள் 5 வயது சிறுமியை கடித்து குதறின. அதன்பிறகு கெடுபிடி அதிகமானது.

சென்னையில் நாய், பூனை வளர்ப்பவர்கள் ஆண்டுதோறும் மாநகராட்சியிடம் லைசென்ஸ் வாங்க வேண்டும். கட்டணம் வெறும் ரூ.50தான். வெறிநாய் தடுப்பூசி போட்ட சான்றிதழ் அவசியம். நாய்க்கு மைக்ரோ சிப்பும் பொருத்த வேண்டும். ஸ்கேன் பண்ணினால் உரிமையாளர் யார் என்று தெரிந்துவிடும். யாரையாவது கடித்துவிட்டால், "இது என் நாயே இல்லை" என்று நழுவ முடியாது.

பிட்புல், ராட்வீலர்

இந்த 2 வகை நாய்களுக்கும் புதிதாக லைசென்ஸ் கிடையாது என்று 2025 டிசம்பரில் மாநகராட்சி அறிவித்தது. மீறி வளர்த்தால் அபராதம் ரூ.1 லட்சம். ஏற்கனவே லைசென்ஸ் வைத்திருப்பவர்கள், வெளியே கூட்டிப்போகும்போது கழுத்தில் சங்கிலியும், வாயில் மூடியும் போட வேண்டும்.

எந்த நாயாக இருந்தாலும், கவனக்குறைவாக விட்டு ஆபத்து ஏற்படுத்தினால் 6 மாதம் வரை ஜெயில் அல்லது ரூ.5 ஆயிரம் வரை அபராதம், சிலசமயம் இரண்டுமே கிடைக்கும்.

கடித்துவிட்டால்?

சோப்பு போட்டு, ஓடுற தண்ணியில் 15 நிமிஷம் கழுவுங்க. மஞ்சள், சுண்ணாம்பு தடவாதீங்க. உடனே அரசு ஆஸ்பத்திரிக்கு போங்க. ஊசி இலவசம். "வீட்டு நாய்தானே" என்று விட்டுடாதீங்க. வெறிநோய் வந்துவிட்டால் பிழைக்க வைப்பது கஷ்டம்.